லியோகாடியா வண்டு

"பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்னுதானே தம்பி சொன்னீங்க? இப்ப மொத்தமாவே குடுங்கன்னா எப்படி?"

மார்செலே அம்மாள் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார். கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்த அம்பர் கல்லைத் திரும்ப வாங்கிப் போவதற்காகவே லிதுவேனியாவின் கடலோரத்து பலாங்காவிலிருந்து பஸ் பிடித்துத் தலைநகர் வில்னியஸ் வரை வந்திருந்தார். கல் இப்போது அருங்காட்சியகத்துப் பூச்சி ஆய்வாளர் டாக்டர் வைடோடஸின் மேஜையில், நுண்ணோக்கிக்கு அடியில் இருந்தது. அதற்குள் கடுகளவில் ஒரு வண்டு.

நான்கு கோடி வருஷத்துக்கு முன் மரப் பிசினில் காலை வைத்து மாட்டிக்கொண்ட வண்டு அது; அந்தப் பிசின்தான் இறுகி அம்பர் கல்லாகியிருந்தது. வைடோடஸ் கல்லின் ஒரு பக்கத்தை மெல்ல மெல்லத் தேய்த்து, பால் போல மூடியிருந்த படலத்தை நீக்கி, உணர்கொம்பிலிருந்து கால் நுனி வரை வரைந்து முடித்திருந்தார். உலகத்தில் இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம்.

"அம்மா, எந்தக் கல்லைப் பாத்துப் பேர் வைக்கிறமோ அந்தக் கல்லு அருங்காட்சியகத்துல இருந்தாகணும். உங்க கழுத்துல தொங்கிச்சுன்னா எந்தப் பத்திரிகையும் என் கட்டுரையைச் சீந்தாது."

"சீந்தாட்டிப் போகட்டுமே."

"போலந்துல ஒருத்தர்கிட்ட இதே வண்டு இன்னொண்ணு இருக்காம். அவர் முந்திக்கிட்டார்னா என் உழைப்பெல்லாம் ஆத்துல கரைச்ச புளிதான்."

"பாவமாத்தான் இருக்கு. ஆனா இது என் மாமியார் போட்ட கல்லு. வெளிய போச்சுன்னா வீடு ரெண்டாயிடும்."

கெஞ்சுவது வைடோடஸுக்கு வராது. வண்டைப் பற்றிப் பேசத்தான் வரும். நாற்காலியை நுண்ணோக்கியின் முன் இழுத்துப் போட்டார்.

"ஒரே ஒரு தடவை பாருங்க. வால் பக்கம் ரெண்டு மயிர்க்கற்றை தெரியுதா?"

"தெரியுது. நம்ம பாதிரியார் மீசை மாதிரி."

"அதுலதான் இனிப்பா ஒண்ணு கசியும். எறும்புங்களுக்கு அதுன்னா உசிரு. அந்த இனிப்பைக் காட்டியே இது எறும்புப் புத்துக்குள்ள போய் உக்காந்துக்கும்."

"எறும்புங்க விரட்டாதா?"

"நம்ம ஆளுன்னே நினைச்சுக்கும். ஊட்டிக்கூட விடும்."

"பதிலுக்கு இது ஏதாவது வேலை செய்யுமா?"

"ஒரு துரும்பைக்கூட நகர்த்தாது. பசி தாங்கலைன்னா எறும்போட குஞ்சுகளையும் ஒரு கை பாத்துடும்."

"விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு அந்த எறும்புங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலை போல."

வைடோடஸ் சிரித்தார். மார்செலே அம்மாள் சிரிக்கவில்லை. மறுபடி குனிந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, பேர் வச்சா அப்புறம் மாத்தலாமா?"

"நானே நினைச்சாலும் முடியாது. வச்சா வச்சதுதான்."

"கல்லு? நாளைக்குக் குடும்பத்துல யாராவது வந்து எனக்குத்தான் சேரணும்னு கேட்டா?"

"போப்பாண்டவரே வந்து கேட்டாலும் கிடையாது. பூட்டின இழுப்பறைக்குள்ள போயிடும்."

"அப்ப நீங்களே வச்சுக்குங்க. ஆனா பேரு நான் சொல்றதுதான்."

வைடோடஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கல்லைக் கொடுத்தவர் பெயரையே வைப்பது இந்தத் தொழிலில் வழக்கம்தான்.

"தாராளமா. மார்செலேன்னே வச்சுடலாம்."

"ஐயையோ, என் பேரு வேண்டவே வேண்டாம். லியோகாடியான்னு வையுங்க."

கல் கொடுத்த யாரும் தன் பெயரை வேண்டாமென்று சொல்லி அவர் கேட்டதில்லை. கல்லைப் போட்டிருந்த மாமியாரின் பெயராகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டார். இந்தக் காலத்தில் மாமியாரை இப்படி நினைத்துப் பார்க்கும் மருமகளா! அவருக்கு மனசு இளகிவிட்டது. மேற்கொண்டு கேட்டுத் துக்கத்தைக் கிளறுவானேன் என்று விட்டுவிட்டார்.

வசந்த காலத்தில் கட்டுரை வெளியானது. போலந்துக்காரர் பிந்திவிட்டார். சேதி கேட்டு மார்செலே அம்மாள் மறுபடி வந்தார், கையில் ஒரு தூக்குச் சட்டியோடு.

"உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை. நேத்து ஒரு பானை நிறைய அவிச்சேன். வீட்டுல மிஞ்சினது இது ரெண்டுதான். சாப்பிடுங்க."

வைடோடஸ் பத்திரிகையை விரித்து, ஆங்கிலத்தில் இருந்த வரியை அவருக்காகச் சொந்த மொழியில் வாசித்தார். "'இக்கல்லைப் போற்றிக் காத்த அமரர் லியோகாடியா அம்மையாரின் நினைவாக, இவ்வினத்துக்கு அவர் பெயர் சூட்டப்படுகிறது.' எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கு. ஆனா அமரர்னு எதுக்குத் தம்பி போட்டீங்க?"

"உங்க மாமியார்தானே?"

"மாமியார் பேரு வேற. லியோகாடியா என் நாத்தனார். கல்லு எனக்குத்தான்னு தினம் சண்டை. இப்ப தன் பேர்ல ஒரு வண்டே இருக்குன்னு ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கிறாங்க, கல்லைப் பத்திப் பேச்சே இல்லை."

மார்செலே அம்மாள் தூக்குச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன்னுதான் பெட்டியோட வந்தாங்க, தம்பி. அப்ப பள்ளிக்கூடம் போயிக்கிட்டிருந்த என் பிள்ளைக்குக் கல்யாணமே ஆயிடுச்சு."