வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம்

புதுக் காக்கிச் சட்டை ஜீப்பின் முன்பக்கத்தில், மாப்பிள்ளைக்கு எடுத்த துணி மாதிரி விரித்துக் கிடந்தது. பித்தளைப் பொத்தான்கள் வெயிலில் மினுங்கின. மலைமேல் இருந்த அந்தச் சின்ன ஊரே அதைச் சுற்றி நின்றது. தொடத்தான் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

காரணம், இதே மாதிரிச் சட்டை போட்டிருந்த வாட்சர் கருப்பன் ஆடி மாதம் சந்தனக் காட்டுக்குள் காவலுக்குப் போனான். அவன் செருப்பு மட்டும்தான் திரும்பக் கிடைத்தது. அதுவும் ஒற்றைச் செருப்பு.

திருப்பத்தூரிலிருந்து வந்திருந்த வனத்துறை ரேஞ்சர் தொண்டையைச் செருமினார். வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்பதென்றாலும் சுதந்திர தின உரை மாதிரிதான் கேட்பார் என்று அவருடைய டிரைவரே சொல்வதுண்டு.

“ராஜாக்கண்ணு! இம்மலையின் செல்வத்தைக் காக்கும் பெரும் பொறுப்பை அரசாங்கம் உன்னிடம் ஒப்படைக்க முன்வந்திருக்கிறது. இந்தக் காட்டில் உனக்குத் தெரியாத தடமே இல்லையாமே! நான் உணவருந்தி வருகிறேன். அதற்குள் யோசித்துச் சொல்.”

ஊர்க்கவுண்டர் வீட்டில் நாட்டுக்கோழி கொதித்துக்கொண்டிருந்தது. அரசாங்கம் அந்தத் திசையில் நடந்தது.

ராஜாக்கண்ணு தோளில் துண்டோடு நின்றிருந்தான். அந்த ஊரின் பேச்சுக்காரன் அவன்தான். பஞ்சாயத்தில் அவன் வாயைத் திறந்தால், மாட்டைப் பறிகொடுத்தவனே தன் மாட்டைத் தானே திருடியதாக ஒப்புக்கொண்டு போய்விடுவான். அந்த வாய் இன்றைக்கு உலர்ந்து கிடந்தது.

வீட்டுக்குள் போனதும் மனைவி சாந்தம்மாள் கதவைச் சாத்தினாள்.

“இன்னா சொல்லப் போற?”

“வேணாம்னுதான்.”

“மாசம் பொறந்தா சம்பளம். ரேடியோ பொட்டி வாங்கலாம். எங்க அண்ணங்காரன் கூட உன்ன மதிப்பான்.”

“மதிப்பான், மதிப்பான். கருப்பன் பொண்டாட்டிய இப்ப எவன் மதிக்கிறான்?”

சாந்தம்மாள் ரேடியோப் பேச்சை விட்டாள். அந்தப் பெயர் வந்தாலே ஊரில் எல்லாருடைய பேச்சும் அறுந்துவிடும்.

“வேணாம்னா அந்தாளு சும்மா வுடுவானா? சர்க்காரு சோத்த வேணாங்கறவன் வேற எங்க துன்றான்னு தேட மாட்டானா?”

“அதுக்குத்தான் நல்ல காரணமா ஒண்ணு சொல்லணும். காரணத்துக்கா எங்கிட்ட பஞ்சம்?”

ஏற்றுக்கொண்டால் காட்டுக்குள் கோடாலிக்காரர்கள் இருக்கிறார்கள். மறுத்தால் வாசலில் ஜீப்பு நிற்கிறது. இரண்டில் ஜீப்பையாவது பேசி அனுப்பிவிடலாம் என்று ராஜாக்கண்ணு முடிவு கட்டினான்.

“வெறும் துண்டோட போவாத, இத்த மாட்டிக்கினு போ.” சாந்தம்மாள் கொடியில் கிடந்த சட்டையை எடுத்தாள். விடியற்காலையிலேயே சீயக்காய் போட்டு, சற்று முன் திரும்பவும் ஒருமுறை ஓடையில் அலசியது; இன்னும் ஈரம் சொட்டியது. ஒருதரம் முகர்ந்து பார்த்துவிட்டு நீட்டினாள். அரசாங்கத்தையே வேண்டாம் என்று சொல்லப் போகிறவன் அழுக்காகவா போவது?

ரேஞ்சர் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். “என்ன முடிவு?”

“முட்டிவலிங்க. மேடு ஏற முடியலீங்க.”

“நெல்லிவாசல் ஏற்றத்தில் நேற்று உன்னைப் பார்த்தேன். முன்னால் போன வெள்ளாட்டை நீ முந்திக்கொண்டிருந்தாய்.”

“கையெழுத்துப் போடத் தெரியாதுங்க.”

“கட்டைவிரல் இருக்கிறதல்லவா?”

“கொல்லையில சாமப் பயிரு அறுக்க ஆளில்லீங்க.”

“அரசாங்கம் விடுப்பு கொடுக்கும்.”

கூட்டத்திலிருந்து செல்லி என்பவள் குரல் கொடுத்தாள். “வுடுங்க சாமி! பொண்டாட்டிய வுட்டுட்டு காட்டுல ஒத்தையில படுக்க அவனுக்குப் பயம்!”

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் ராஜாக்கண்ணுவுக்கு உயிர் வந்தது. இதுதான் அவன் களம். துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டான்.

“மறைக்காம சொல்லிட்றேங்க. எனக்கு இந்தச் சந்தன வாசன ஆவாதுங்க. மூக்குல ஏறிச்சின்னா தல கிர்ருன்னு சுத்தும், வாந்தி வந்துரும். அந்தக் காட்டுல கால வெச்சாலே கமகமன்னு தூக்கி அடிக்குது. நாளெல்லாம் நான் எப்டிங்க அங்க காவலு காக்கறது?”

சொல்லி முடித்ததும் தன் சாமர்த்தியத்தில் அவனுக்கே மலைப்பு வந்தது. கைதட்டலை எதிர்பார்த்தவன் போலச் சுற்றிலும் பார்த்தான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. செல்லி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். முன்வரிசையில் நின்றவர்கள் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். வாசலில் நின்ற சாந்தம்மாள் நிலைப்படியைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தாள்.

ரேஞ்சர் வெற்றிலையைத் துப்பினார். நிதானமாகக் கிட்டே வந்து அவன் தோளில் கையைப் போட்டார். போட்ட கையை எடுக்கவில்லை.

“நிக்கிற மரம் வாசன அடிக்காதுய்யா, வெட்டுனவனுக்குத்தான் அடிக்கும்.”