யார் சொன்னது?

"இனிமே கூட்டக் குறிப்பு எழுத ஆளே வேண்டாம். இந்த ஏஐ பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கும். யார் என்ன பேசினாங்கன்னு பேர் போட்டு எழுதிடும்," என்றார் மேலாளர், தான் பெற்ற பிள்ளை முதல் மார்க் வாங்கிய தோரணையில்.

கணினிப் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்தவர் மேசை நடுவே மைக்கை வைத்தார்.

அவள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலி அக்காவுடையது. காலியாக இருந்தது.

அக்கா அங்கே தலைமைக் கணக்காளர். மேலாளர் வாயைத் திறந்தால் போதும், அதற்கொரு விளக்கவுரை அக்காவின் முணுமுணுப்பில் கூடவே ஓடும். வரிசை முழுக்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நெளியும். மேசைக்கு அடியில் அக்காவின் தொடையைக் கிள்ளுவதுதான் கூட்டங்களில் அவளுக்கு இருந்த ஒரே வேலை.

பயம் இருக்காதா? அவள் தற்காலிகம். நிரந்தரமாக்கும் உத்தரவு இந்த வாரம்தான் மேலாளரின் கையெழுத்துக்குப் போயிருந்தது.

தைரியம் முழுவதையும் அக்கா எடுத்துக்கொண்டாள். குரலை மட்டும் இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். போனில் பெற்ற அம்மாவே "பெரியவளா, சின்னவளா?" என்று கேட்பாள். அக்கா வீட்டுக்காரர் இப்போதெல்லாம் இவள் "ஹலோ" என்றதும் கொஞ்ச நேரம் பதிலே பேசுவதில்லை.

மேலாளர் பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். மின்விசிறிக்கே அலுத்துப் போயிருக்கும்.

"இந்த ஏஐ நம்ம வேலையில பாதியைக் குறைச்சிடும்!"

"உங்க பேச்சுல பாதியைக் குறைச்சாலே போதும்."

சொன்ன பிறகுதான், சொன்னது தன் வாய் என்று அவளுக்கு உறைத்தது. மேலாளர் காதில் விழாத முணுமுணுப்புதான், ஆனால் மைக் கேட்டிருக்கும். கிள்ளுவதற்கு ஆள் இல்லை.

"எங்கே, இதுவரைக்கும் எழுதினதைத் திரையில போடுங்க, பார்ப்போம்," என்றார் மேலாளர்.

சின்ன வயதென்றால் கவலையில்லை. கண்ணாடி டம்ளர் முதல் எதிர்வீட்டு ஜன்னல் வரை, அவள் உடைத்ததற்கெல்லாம் "நான்தான்" என்று அக்கா முந்திக்கொள்வாள்.

அப்புறம் ஒன்று நினைவுக்கு வந்து கொஞ்சம் மூச்சு வந்தது. போன வருடம் சோதனைக்காக எல்லோருடைய குரலையும் பதிந்தபோது அவள் விடுப்பில் இருந்தாள். குரல் தெரியாத இயந்திரத்துக்குப் பேர் மட்டும் எப்படித் தெரியும்?

மேலாளர் தம் பொன்மொழிகளைத் திரையில் பார்த்து ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். திடீரென்று நின்றார்.

'தலைமைக் கணக்காளர்: உங்க பேச்சுல பாதியைக் குறைச்சாலே போதும்.'

யாரும் சிரிக்கவில்லை.

கணினிக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். "தலைமைக் கணக்காளர் யாருங்க? லேட்டா வந்தாங்களா?"

எல்லோரும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தார்கள்.

"அவங்க தவறிட்டாங்கப்பா. போன மாசம்," என்றார் மேலாளர்.

கணினிக்காரர் வெலவெலத்துப் போனார். "சாரி சார். தப்பா பிடிச்சிருக்கு. அழிச்சிடறேன்."

அழித்துவிட்டால் தீர்ந்தது. கையெழுத்தும் விழுந்துவிடும். ஆனால் செத்தவள் தலையிலுமா பழியைப் போடுவது?

அவள் எழுந்தாள்.

"நான்தான் சார்."

மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. திரையின் அடியில் புதிதாக ஒரு வரி ஊர்ந்து வந்தது.

'தலைமைக் கணக்காளர்: நான்தான் சார்.'

மேலாளர் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். அந்த அறை அவ்வளவு நேரம் அவர் குரல் இல்லாமல் இருந்ததே இல்லை.

"அதான் அவங்களே ஒத்துக்கிட்டாங்களே," என்றார் கடைசியில். "நீ உட்காரும்மா. மேல போங்கப்பா."