ஆறு அங்குலம்

காலை ஐந்தரைக்கு ஜோயல் எழுந்தான். நேற்றைய ஓட்ஸ் கஞ்சியைச் சூடாக்கி, அடுப்பருகே நின்றபடியே குடித்தான். காலுறை மேல் காலுறை போட்டு, பனியைத் துளைக்கும் கைத் துரப்பணத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பள்ளிக் குளத்துப் பனியின் கனத்தை அளக்கப் போனான். டிசம்பர் முதல் தேதியிலிருந்து ஒரு நாளும் தவறவில்லை.

கரையில் எல்வுட் காத்திருந்தார். பள்ளியின் ஆட்டுக் கொட்டகை, விறகு, பாதை எல்லாம் முப்பது வருடமாக அவர் பொறுப்பு.

"ஏம்ப்பா, நேத்து இருந்த பனி ராத்திரியோட ராத்திரியா ஓடிப் போயிருமா? நேத்தே ஒன்பது துளை போட்ட. குளத்தைச் சல்லடையாக்கித்தான் விடுவ போல."

ஜோயல் சிரிக்கவில்லை. முழங்காலிட்டுத் துளைத்தான். துளைக்குள் அளவுகோலை விட்டுப் பார்த்தவர் எல்வுட்தான்.

"பதினோரு இஞ்ச். காரே ஓட்டலாம்."

"நீங்களே நோட்ல எழுதிடுங்க."

"ஏன், உனக்குக் கை இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே, மூன்று விரல் மிஞ்சிய கையால் எல்வுட் எழுதினார். போன வருடம் அவன் மனைவியை விழுங்கிய குளம், எழுத அவனுக்குக் கை வராது என்று பள்ளிக்கூடமே புரிந்துவைத்திருந்தது. அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

எட்டரைக்குக் கூட்டம். ஆசிரியர்களும் பிள்ளைகளும் கலந்து அறுபது பேர் மரப் பெஞ்சுகளில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பதினைந்து நிமிட மௌனத்துக்குப் பின் ரோடா காகிதத்தை எடுத்தார். தலைமையாசிரியை, கூட்டத்தை நடத்துவதும் அவர்தான்.

சனிக்கிழமை சூப் விருந்து. பிப்ரவரியில் சாறு வடிக்க மேப்பிள் மரங்களுக்குக் குழாய் பதிக்கும் வேலை. இவையெல்லாம் தலையசைப்பிலேயே முடிந்தன.

"கடைசியா, குளத்துச் சறுக்கு விழா," என்றார் ரோடா. அறையில் யாரோ இருமினார்கள்.

இங்கே ஓட்டெடுப்பு கிடையாது. முடிவை எழுதிய குறிப்பைப் படிப்பார்கள், ஒருவருக்கு மனம் ஒப்பாவிட்டாலும் அது நிறைவேறாது. சத்தியம் செய்யும் வழக்கமும் கிடையாது. சொன்ன சொல் போதும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் போய்ச் சரிபார்த்தால் அது அவமரியாதை.

ரோடா படித்தார். "சென்ற ஆண்டு விழா நாள் காலையில் பனி ஆறு அங்குலம் இருந்ததாக ஜோயல் எழுதியிருக்கிறார். மாலையில் டாம்சின், பிள்ளைகளைக் கரையிலேயே நிறுத்திவிட்டு, தான் மட்டும் முதலில் இறங்கினார். பத்தடி போனதும் பனி உடைந்தது. எல்வுட் தண்ணீரில் குதித்து அவரைத் தூக்கினார். அந்த உறைகுளிரில் தன் இரண்டு விரல்களை இழந்தார். கரையில் உயிர் பிரியும்போது டாம்சின் தன் கணவர் ஜோயலின் காதில் கடைசியாகச் சொன்னது, 'பிள்ளைங்க சறுக்கட்டும்.' அந்தச் சொல்லை மதித்து, இந்த ஆண்டு குளத்தைத் திறக்கிறோம்."

காகிதத்தை மடியில் வைத்தார். "யாருக்காவது மனசு உறுத்துதா?"

எல்லாக் கண்களும் ஜோயலை நாடின. எழுந்தவர் எல்வுட்.

"எனக்கு உறுத்துது. ஆறு இஞ்ச் பனி ஒரு பொண்ணு நடந்து உடையாது. அன்னிக்குக் கரையில நெருப்பு மூட்டினது நான். பிள்ளைங்க குளிருதுன்னாங்கன்னு பெருசா மூட்டினேன். அந்தச் சூடுதான் பனியை அரிச்சிருக்கு." தொப்பியைக் கசக்கினார். "இந்த மாசத்தோட நான் கிளம்பறேன். ஓஹையோல தங்கச்சி இருக்கா. ஆடுகளை யாராவது பாத்துக்குங்க."

"நீங்க போயிட்டா ஆடுங்க எங்க பேச்சைக் கேக்காது, எல்வுட்," என்றாள் முன்வரிசையில் ஆர்லா என்ற மாணவி.

"உன் பேச்சை நானே கேட்டதில்ல, ஆடு எப்படிக் கேக்கும்?"

சிலர் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

"உங்க மேல யாருமே குத்தம் சொல்லலையே," என்றார் ரோடா.

"அதுதான் தாங்கல, ரோடா. ஒருத்தராவது திட்டியிருக்கலாம். டாம்சினோட எம்பத்தெட்டு வயசு அம்மாவுக்கு அவளோட ஸ்வெட்டரை அனுப்பி வெச்சோம். அதை மடிச்சுக் கட்டினதும் இந்தக் கைதான்."

உட்கார்ந்துவிட்டார். ஒருவர் மனம் திறந்து பேசினால் உடனே யாரும் பதில் சொல்வதில்லை. ஜன்னலுக்கு வெளியே கூரைப் பனி சரிந்து விழுந்தது.

ஒரு வருடமாக ஜோயலின் வாசலில் விறகு தீர்ந்ததில்லை. அடுக்கி வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமல் போய்விடுவார் எல்வுட். பொருத்தமான பதில் ஒன்றைச் சொன்னால் போதும், அவர் மனம் ஆறிவிடும் என்று ஜோயல் இத்தனை நாள் நினைத்திருந்தான். அப்படி ஒரு பதிலும் இல்லை என்று இப்போது தெரிந்தது.

எழுந்தான்.

"ரோடா, அந்தக் குறிப்புல அவ சொன்னதா இருக்கிற வரியை அடிச்சிடுங்க. டாம்சின் அப்படிச் சொல்லல."

"நீதானேப்பா எங்ககிட்ட சொன்ன?"

"ஆமா. நான்தான் சொன்னேன்."

ரோடா பேனாவை எடுக்கவில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த அறையில் ஒருவர் தான் சொன்னதைப் பொய் என்று சொல்லி அவர்கள் கேட்டதில்லை.

"பின்ன என்னதான்பா சொன்னா அந்தப் பொண்ணு?" என்றார் எல்வுட்.

ஜோயல் அவர் பக்கம் திரும்பி நின்றான்.

"'அழாத, ஜோ. இன்னிக்குக் காலையில நீ அளக்கவே போகலன்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.'"