பிரேம் போட்டுவிடும் காலுறை

சுகாதார நிலையத்துப் பெஞ்சில் சுமதி கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். ஏழு மாத வயிறு அவளைக் குனிய விடுவதில்லை. வீங்கிய கெண்டைக்காலில் நீல நரம்புகள் மிளகுக்கொடிபோல் முறுக்கியிருக்கின்றன. "தெனமும் படுக்கைய உட்டு எந்திரிக்கறதுக்கு முன்னாடி நீங்கதான் போட்டு உடோணும்" என்று நர்ஸம்மா இறுக்கமான காலுறையை அவள் புருஷன் பிரேமிடம் தருகிறார். அவன் மண்டியிட்டு அவள் பாதத்தைப் பிடிக்கிறான். காத்திருக்கும் பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். "ஏனுங்க, உடுங்க. சனமெல்லாம் பாக்குது" என்று சுமதி காலை இழுக்கப் பார்க்கிறாள். "ஏப்பா, எங்க ஊட்டுக்காரருக்கும் கொஞ்சம் கத்துக்குடு" என்கிறாள் வரிசையில் இருக்கும் குப்பாயி. சிரிப்பு எழுகிறது. பிரேம் தலையை நிமிர்த்தவில்லை, பிடியையும் விடவில்லை. மரவள்ளிக்காட்டு மண் ஒட்டிய விரல்கள் காலுறையை முழங்கால்வரை மெதுவாக ஏற்றுகின்றன. இன்னொரு காலைச் சுமதியே நீட்டுகிறாள், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு.