பதினோரு மணிச் சங்கு

“இப்பப் பாருங்க டாக்டர், இன்னும் அஞ்சு நிமிஷத்துல ஓடுவா,” என்றாள் ஓதெத். சர்க்கஸில் குரங்கைக் காட்டுகிறவள் மாதிரி பேசிவிட்டோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

டாக்டர் சக்கரபாணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு வயசு ஏவ்லினும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், நாற்காலியின் நுனிக்கு வந்து.

“எங்க ஓடுவா?”

“வூட்டுக்கு. போய்க் கட்டிலுக்கு அடியில படுத்துக்குவா. பதினோரு மணிக்கு மில் சங்கு ஊதுதில்ல, அதுக்குத்தான் பயம். சைகோன்ல சைரன் கேட்டுக் கேட்டு வந்தது. எல்லாம் என்னாலதான் டாக்டர்.”

அதில் பொய்யில்லை. சைகோன் தெருவுக்குள்ளேயே சண்டை வருவதற்கு முந்தின வருஷமே, புதுச்சேரிக்குக் கப்பல் ஏறிவிடலாம் என்றார் அவள் கணவர் ரோஜே. பிறந்து வளர்ந்த ஊராயிற்றே, ஓதெத்துக்கு மனசு வரவில்லை. “இன்னும் ஒரே ஒரு கிறிஸ்துமஸ்” என்று கெஞ்சினாள்.

கிறிஸ்துமஸ் நன்றாகத்தான் நடந்தது. ஈஸ்டர் முடிந்து குண்டு விழுந்தது. நாலு நாள் மூன்று பேரும் கட்டிலுக்கு அடியில் கிடந்தார்கள். ரோஜே மனைவி, மகள் இருவர் மேலும் கவிழ்ந்து, கூரை மாதிரி மூடிக்கொண்டிருந்தார்.

ரோஜே பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா. புதுச்சேரிக்கு வந்து குடியேறிய முத்தியால்பேட்டையில் அவர் மீசை வருகிறது என்றால் நாய்கூடக் குரைப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுங்கும். அப்பேர்ப்பட்டவர் பெண்ணுக்கா இந்தப் பயம் என்று தெரு சிரித்தது.

தெரு சிரித்ததோடு நிற்கவில்லை, வைத்தியமும் பார்த்தது. அடுத்த வீட்டு அஞ்சலாட்சி உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். கோயில் தீர்த்தம் தெளித்தார்கள். யாரோ தாயத்துக் கட்டினார்கள், யாரோ அதை அவிழ்த்துவிட்டுச் சிலுவை கட்டினார்கள். பதினொன்றடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது, சிலுவையோடு சேர்ந்து ஏவ்லின் ஓடினாள்.

பள்ளிக்கூடத்து மதருக்குத்தான் தாங்கவில்லை, ஓதெத்தை வகுப்புக்கே வரவழைத்தார். “ஒளியணும்னா இங்க பெஞ்சு இல்லியா? எல்லாம் தேக்கு! அதை விட்டுட்டு ரெண்டு தெரு ஓடுதே உன் பொண்ணு, கால்வலி வராதா?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும், “இனிமே ஒரு தடவை ஓடினாலும் பேரை எடுத்துடுவேன்” என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

வகுப்புக் கதவைப் பூட்டிவிடுங்கள் என்று யோசனை சொன்னவளே ஓதெத்தான். ஏவ்லின் ஜன்னல் வழியாகக் குதித்து முழங்காலைக் கிழித்துக்கொண்டாள்; அடிபட்டதால் மதர் அந்த ஒரு தடவை மன்னித்தார். அந்த முழங்கால் கட்டைத்தான் டாக்டர் இப்போது பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றாகத் துணி அவிழ அவிழ, ஓதெத் வேறு பக்கம் பார்த்தாள்.

“ஓடிப்போய்ப் படுக்கிறதை நீ பாத்திருக்கியாம்மா?”

“நான் கன்னிகாஸ்திரீங்க மடத்துல எம்பிராய்டரி வேலைக்குப் போயிடுவேன். ஒரே ஒரு நாள் சீக்கிரம் வந்தப்ப பாத்தேன். கட்டிலுக்கு அடியிலேருந்து ரெண்டு பேரும் வந்தாங்க. அவரு மீசையெல்லாம் ஒட்டடை. ‘புள்ளைய வெளிய இழுக்க உள்ள போனேன்’ன்னாரு, பாவம்.”

“அவரு ஏன் இன்னிக்கு வரல?”

“கூப்பிட்டேன், வரல. ஆனா வாசல் வரைக்கும் வந்து ரெண்டு தடவை சொன்னாரு. ‘சங்கு ஊதறதுக்குள்ள புள்ளைய வூட்டுக்குக் கூட்டியாந்துடு ஓதெத், வழியில ஊதினா பயந்துடும்’னு. பொண்ணுன்னா அவருக்கு உசுரு.”

ஏவ்லின் எழுந்தாள். “அம்மா, போலாம்மா. நேரமாயிடுச்சு.”

“பாத்தீங்களா!” என்ற ஓதெத், மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிடிக்கச் சொல்லி டாக்டர்தான் கண்ணால் சாடை காட்டினார்.

“வுடும்மா! ஓடிப்போய்ட்டு ஓடியாந்துடறேன். சத்தியமா வந்துடறேம்மா!”

அந்தக் கை கப்பலில் பிடித்ததைவிட மெலிந்திருந்தது. விட்டுவிடலாமா என்று ஓதெத்துக்கு ஒரு கணம் தோன்றியது. பேரை எடுத்துவிடுவார்களே என்ற நினைப்பில் இன்னும் இறுக்கினாள்.

டாக்டர் முன்னெச்சரிக்கையாகத் தன் மேஜைக்கு அடியில் கிடந்த செருப்பையும் குப்பைக்கூடையையும் ஓரமாகத் தள்ளி, ஒரு பெண் தாராளமாக ஒளிய இடம் செய்து வைத்தார்.

சங்கு ஊதியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மருந்து அலமாரியில் சீசாக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

ஏவ்லின் மேஜையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காதைப் பொத்தவில்லை. வீடு இருக்கும் பக்கமாக வாசலைப் பார்த்தபடி நிமிர்ந்து நின்றாள். கண்ணீர் மட்டும் கொட்டியது.

சங்கு ஓய்ந்தது. டாக்டர் எழுந்து வந்து அவள் முன்னால் குனிந்தார். “சங்குக்குப் பயமில்லியா உனக்கு?”

இல்லை என்று தலையாட்டினாள்.

“அப்புறம் எதுக்குடி தினம் ஓடுற? ஜன்னல்லேருந்து எதுக்குடி குதிச்ச?” என்று கத்தினாள் ஓதெத். “சொல்லித் தொலையேன்!”

“சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“யாருகிட்ட?”

ஏவ்லின் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அம்மா பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

“கட்டிலுக்கு அடியில அப்பா இன்னிக்குத் தனியா இருந்திருப்பாரும்மா.”