ஏழாம் எண் கம்பம்

“சீட்டு மேல இருந்து கையை எடுங்க பெரியவரே! கழட்டினீங்கன்னா ரேஞ்சரைக் கூப்பிட்டுடுவேன்!”

ஹார்லன் ஏழாம் எண் கம்பத்தில் செருகியிருந்த சீட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. எழுபது வயதுக்கு மேல் யாருக்கும் பயப்படுகிற உத்தேசம் அவருக்கு இல்லை. மக்கள் கூடாரம் அடித்துத் தங்கும் வனத்துறை முகாமைக் கவனித்துக்கொள்ளும் லொரீன், கையில் துடைப்பத்தோடு கழிப்பறைப் பக்கமிருந்து வேகமாக வந்தாள்.

“கூப்பிடும்மா. கூடாரம் இல்ல, வண்டி இல்ல, ஒரு நாற்காலிகூட இல்ல. வெறும் சீட்டைக் கம்பத்துல செருகிட்டு இடம் பிடிப்பானா ஒருத்தன்? முதல்ல வந்தவனுக்குத்தானே இங்க இடம்?”

“முதல்ல வந்துதான் பிடிச்சிருக்காரு. ராத்திரிக்கு எட்டு டாலர், மூணு ராத்திரிக்குக் கட்டியாச்சு. நான் கண்ணு முழிக்கிறதுக்குள்ள காசு உறையோட ஓரத்துச் சீட்டைக் கிழிச்சு இங்க செருகிட்டு, உறையை இரும்புப் பெட்டியில போட்டுட்டுப் போயிடறாரு. நான் வந்து ஒன்பது கோடை ஆச்சு. ஒவ்வொரு ஆகஸ்ட்டும் இதே வாரம், இதே ஏழாம் நம்பர். ஒரு தடவைகூட யாரும் வந்து தங்கினதில்ல.”

“கொழுப்பு! யாரு அந்த மகராசன்?”

“பேரு எழுதல. வண்டி நம்பர்தான் இருக்கு.” லொரீன் சீட்டைப் பார்த்துப் படித்தாள். “நாலு, சி, ஏழு, ஏழு, ஒண்ணு, மூணு.”

“அந்த ஆளு மட்டும் என் கையில கிடைக்கட்டும்.”

சொல்லிவிட்டு ஹார்லன் அந்த இடத்து மர மேசை ஓரம் தொப்பென்று உட்கார்ந்தார். மேசையின் கரி படிந்த மூலையைத் தடவினார். கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

“முப்பது வருஷம் இங்க வந்தோம்மா, நானும் என் தம்பி டெல்பர்ட்டும். அந்தக் கைப்பம்புத் தண்ணியில அவன் காபி போட்டான்னா துருப்பிடிச்ச ஆணியைக் கரைச்சுக் குடிக்கிற மாதிரி இருக்கும். மூணு கப் குடிப்பேன்.”

“தம்பி வரலையா?”

“பத்து வருஷம் முன்னாடி, அப்பாவோட மீன்பிடிப் படகு யாருக்குன்னு இதே மேசையில சண்டை. அன்னைக்கு முறிஞ்ச பேச்சு. அப்புறம் நான் இந்தப் பக்கமே வரல. இந்த வருஷம் என்னமோ, ஒரே ஒரு தடவை இங்க உட்கார்ந்துட்டுப் போகணும்னு தோணிச்சு. படகாவது ஒண்ணாவது.”

அவருக்குத் தம்பியைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

லொரீன் துடைப்பத்தைச் சாய்த்து வைத்தாள். “பதினொண்ணாம் நம்பர் இடம் காலியா இருக்கு. கழிப்பறைக்குப் பக்கம்தான். காத்து திரும்பினா மூக்கைப் பொத்திக்கணும், அவ்வளவுதான். இந்தாங்க உறை, எழுதிக் கொடுங்க.”

“நீயே எழுதும்மா. எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல. நான் கூடாரம் அடிப்பேன், டெல்பர்ட்தான் உறை எழுதுவான்.”

“சரி, சொல்லுங்க. வண்டி நம்பர்?”

“அது யாருக்கு ஞாபகம் இருக்கு? இருபது வருஷமா இதே வண்டியை முன்னால உட்கார்ந்து ஓட்டுறேன், பின்னால போய்ப் படிக்கவா முடியும்?”

முனகிக்கொண்டே பழைய பிக்கப் வண்டியின் பின்பக்கம் போனார். நம்பர் தகட்டில் அப்பியிருந்த மலைப் புழுதியைச் சட்டைக் கையால் துடைத்தார்.

“எழுதிக்கோ. நாலு... சி... ஏழு...”

லொரீனின் பென்சில் நின்றுவிட்டது. கம்பத்துச் சீட்டைப் பார்த்து மீதியை அவளே சொன்னாள்.

“ஏழு, ஒண்ணு, மூணு.”

ஹார்லன் புழுதிக் கையோடு நிமிர்ந்தார். அந்த எண்ணைப் பார்க்காமல் உறையில் எழுதத் தெரிந்தவன் இந்த உலகத்திலேயே ஒருவன்தான்.