அடுத்த ரிப்போர்ட்

அந்தப் பரிசோதனைக்கூடத்தின் புரோகிராம் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடிய காலத்தது. பிரிண்டர் புதிது, எல்லா அறைகளுக்கும் பொது. பக்கம் முடிந்துவிட்டது என்று பிரிண்டருக்குச் சொல்லப் பழைய புரோகிராமுக்குத் தெரியாது. அதனால் ஒருவருடைய ரிப்போர்ட் உள்ளேயே கிடக்கும். அடுத்தவருடையது வந்து தள்ளினால்தான் வெளியே விழும். அன்று மாலை மற்ற அறைகளைப் பூட்டிவிட்டார்கள். தணிகாசலம் மட்டும் மனைவியின் பயாப்ஸி ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருந்தார். கவுண்டரில் இருந்த ஜெசிந்தா திரையைப் படித்தாள். பிறகு அவரைப் பார்க்காமலே பிரிண்ட் கொடுத்தாள். பிரிண்டரின் விளக்கு மினுங்கியது, காகிதம் வரவில்லை.

"உங்களுக்குப் பின்னாடி யாரும் இல்ல சார். சும்மா ஒரு பேரு சொல்லுங்க, அடிச்சுத் தள்ளிடறேன்."

தெரிந்த பெயர் எதையும் அந்தத் தாளில் போட அவருக்கு மனம் வரவில்லை.

"வேணாம்மா. அடுத்தவங்க வரட்டும்."

விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வாசலில் ஒரு பெண் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, கைப்பையில் ரசீதைத் தேடியபடி படியேறினாள். தணிகாசலம் எழுந்துபோய்க் கண்ணாடிக் கதவைப் பாதி திறந்தார்.

"ரிப்போர்ட் வாங்கணும் சார்."

"மூடிட்டாங்கம்மா. காலைல வாங்க."

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும்வரை நின்றார். பிறகு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெசிந்தா எழுந்துபோய், கதவில் தொங்கிய 'திறந்திருக்கிறது' அட்டையைத் திருப்பி மாட்டினாள்.